கோட்டின்மேல் ஒரு நடை

எங்கள் பங்கு மன்றத்தின் சிமெண்டுத் தரையில் நீள்வட்டமாக ஒரு கோடு கிடக்கிறது. சுண்ணாம்பினால் இட்ட கோடு அன்று. பனியன் துணி வெட்டும்போது கழிந்து விழும் நாடாக்களைப் பின்னி, பசை தடவி ஒட்டியது. வாரத்தில் ஐந்து நாள், மாலை ஐந்தரை மணிக்கு, இருபதுக்குக் குறையாத பிள்ளைகள் ஒரு காலின் விரல் நுனியை மறுகாலின் குதிகால் தொடும்படி அடிமேல் அடி வைத்து அக்கோட்டின்மேல் நடக்கின்றனர். சிலர் கையில் ததும்பத் ததும்பத் தண்ணீர்த் தம்ளர். ஒருத்தி கையில் சிறு மணி. அது ஒலிக்காமல் அவள் ஒரு சுற்று வரவேண்டும். பார்க்க வருவோர், "படிப்புச் சொல்லித் தருவதாகச் சொன்னீர்களே, இதென்ன சர்க்கஸ்?" என்று கேட்கின்றனர். நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கு விடை கூறுமுன் என் பிழை ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

1983-ஆம் ஆண்டு. திருப்பூரில் ஒரு தொடக்கப் பள்ளியில் நான் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. வகுப்பில் ஐம்பத்தெட்டுப் பிள்ளைகள். அவர்களுள் ஒரு சிறுவன். அவன் பெயரை இங்கே எழுதேன். உட்கார வைத்தால் நெளிவான். நிற்க வைத்தால் கால் மாற்றிக் கால் மாற்றி ஆடுவான். எழுதச் சொன்னால் விரல்களால் பலகையைத் தட்டிக்கொண்டிருப்பான். 'படம்' என்பதைப் 'பாடம்' என்று படிப்பான். கொம்பையும் காலையும் கண்டபடி விட்டுவிடுவான். ஆறாம் வாய்பாட்டை அவன் தாண்டியதே இல்லை. அடங்காப் பிள்ளை என்று முடிவு கட்டி, வகுப்பு வாசலில் அவனை முழந்தாளிட வைத்தேன். ஒருநாள் இருநாள் அன்று. அந்த ஆண்டு முழுவதும், வாரத்திற்கு ஒருமுறையேனும். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. செய்வது சரி என்றே நம்பினேன்.

ஐந்தாம் வகுப்போடு அவன் வரவில்லை. பனியன் கம்பெனியில் 'கைமடி'யாகச் சேர்ந்துவிட்டான் என்றனர். தையற்காரருக்குத் துணியை எடுத்து மடித்துக் கொடுத்து, தைத்து வந்ததை அடுக்கிக் கட்டும் சிறுவர்களுக்கு நம் ஊரில் வழங்கிய பெயர் அது. பதினான்கு வயதுக்குக் கீழ்ப்பட்டோரைத் தொழிற்சாலையில் அமர்த்தலாகாது என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே கூறியிருந்தது. 1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டமும் வந்தது. சட்டம் இருந்தது, சந்துக்குள் இருந்த கம்பெனியை யார் எட்டிப் பார்த்தார்கள்?

நான் ஒருநாள் எட்டிப் பார்த்தேன். சட்டத்திற்காக அன்று, நோயுற்ற ஓர் அம்மாளைக் காணப் போன வழியில், சன்னல் திறந்திருந்தது. ஒரே மோட்டாரில் வரிசையாக ஓடும் தையல் இயந்திரங்கள்; 'பவர் டேபிள்' என்போமே, அது. அந்தத் தடதடப்புக்கு நடுவே அவன் நின்றிருந்தான். வலது காலுக்கும் இடது காலுக்கும் உடம்பை மாற்றி மாற்றி, இயந்திரத்தின் ஓட்டத்தோடு இசைந்து ஆடியவாறே துணியை மடித்துத் தள்ளினான். பன்னிரண்டு சேர்ந்ததும் ஒரு கட்டு. "எத்தனைடா ஆச்சு?" என்று தையற்காரர் கேட்டார். "பதினெட்டு டஜன், ஏழு பீசுங்க" என்றான், தலையைத் தூக்காமலே. அது இருநூற்று இருபத்து மூன்று என்று கண்டுகொள்ள எனக்குச் சிறிது நேரம் பிடித்தது. ஆறாம் வாய்பாடு வராத பிள்ளை! என் வகுப்பில் நான் நிறுத்த முயன்றது எதுவோ, அந்த ஆட்டத்தில்தான் அவனுக்குக் கணக்கு இருந்தது.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. ஆயினும் உடனே திருந்திவிட்டேன் என்று சொன்னால் அது பொய்யாகும். மறுநாளும் வகுப்பில் ஐம்பத்தெட்டுப் பேர் இருந்தனர், பாடத்திட்டம் இருந்தது, கையில் பிரம்பும் இருந்தது. மாற்றம் மெல்ல மெல்லத்தான் வந்தது. பள்ளி நூலகத்தில் கிடைத்த மரியா மாந்தெசோரி அம்மையாரின் நூல் அதற்கு ஒரு காரணம்.

அம்மையாரைப் பற்றிச் சிறிது கூற விரும்புகிறேன். நம் சூழலுக்கு மிக அருகே நின்றவர் அவர். மருத்துவம் பயின்ற இத்தாலியக் கத்தோலிக்கப் பெண்மணி. 1907-ஆம் ஆண்டு, திருக்காட்சித் திருநாளாகிய சனவரி 6 அன்று, உரோமை நகரில் சான் லொரென்சோ என்னும் தொழிலாளர் குடியிருப்பில் தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். பெற்றோர் இருவரும் வேலைக்குப் போய்விட, பகலெல்லாம் படிக்கட்டிலும் முற்றத்திலும் திரிந்து சுவர்களைப் பாழாக்கிய பிள்ளைகள்தாம் அவருடைய முதல் மாணவர்கள். நம் லைன் வீடுகளின் நிலை இன்றும் அதுதானே? 1939 நவம்பரில் அவர் சென்னை வந்து, அடையாற்றில் ஆசிரியப் பயிற்சியைத் தொடங்கினார். மறு ஆண்டு இத்தாலி போரில் குதித்ததும், எதிரி நாட்டவர் என்று ஆங்கில அரசு அவரைக் கட்டுப்பாட்டில் வைத்தது. மகனாரைச் சில காலம் காவலிலும் அடைத்தது. 1942 முதல் 1944 வரை அம்மையார் வாழ்ந்தது கொடைக்கானலில். பழனிக்குப் பின்னே நாம் அண்ணாந்து பார்க்கும் அதே மலையில்.

கோட்டின்மேல் நடத்தல் அவர் வகுத்த பயிற்சி. குறுகிய சுவரைக் கண்டால் ஏறி நடக்காத குழந்தை உண்டா? நாம் "விழுந்து தொலையாதே" என்று இறக்கிவிடுகிறோம். அவரோ அந்த ஆசையைத் தரைக்குக் கொண்டுவந்தார். நீள்வட்டமாக ஒரு கோடு. முதலில் வெறுங்கையோடு, பிறகு கொடியோடு, பிறகு தண்ணீரோடு, பிறகு மணியோடு. குழந்தை தன் உடம்பைத் தானே ஆளக் கற்கும்போது மனமும் ஒருமுகப்படுகிறது என்பது அவர் கண்டது. நம் காதின் உட்புறத்தில் மூன்று அரைவட்டக் குழல்கள் உள்ளன. தலை எப்பக்கம் திரும்பினாலும் அவற்றிலுள்ள நீர் அசைந்து மூளைக்குச் சேதி அனுப்புகிறது; கண்ணும் பாதமும் தத்தம் சேதியை அனுப்புகின்றன. இம்மூன்றையும் ஒத்துப்பார்த்து உடம்பை நிறுத்துவது பழக்கத்தால் வருவது. அதே காலத்தில் செனிவா நகரில் தால்குரோசு என்னும் இசை ஆசிரியர், சுரம் பிசகாமல் வாசித்தும் தாளம் தவறிய மாணவர்களை எழுப்பி நடக்கவிட்டுத் தாளம் கற்பித்தார். இவற்றையெல்லாம் படிக்கப் படிக்க, சன்னல் வழியே கண்ட சிறுவனே என் கண்முன் நின்றான்.

2015-இல் ஓய்வு பெற்றேன். கொரோனா வந்து பள்ளிகள் மூடின. 2021 நவம்பர் முதல் நாள் ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை திறந்தபோது, மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்த பல பிள்ளைகளுக்கு அரிச்சுவடியே தெரிந்திருக்கவில்லை. பங்குத்தந்தை மன்றத்தின் சாவியைத் தந்தார். 2022 தொடக்கத்தில் மாலை வகுப்பு ஆரம்பமாயிற்று. வந்தவர்கள் எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும்; பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தொழிலாளர் பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்குத் தமிழும் தெரியாது, எனக்கு இந்தியும் தெரியாது. கோடு அங்கே கைகொடுத்தது. முதல் நாளே ஒரு பீகார்ச் சிறுவன் ஒரு துளி சிந்தாமல் சுற்றி வந்தான். நம் பிள்ளைகள் கைதட்டினர். அந்தக் கைதட்டல் கிடைக்காமற் போயிருந்தால் மறுநாள் அவன் வந்திருப்பானா என்பது ஐயமே.

இனி என் இரண்டாம் பிழை.

எட்டு வயதுப் பெண் ஒருத்தி. மன்றத்துக்குப் பின்புற லைன் வீட்டில் இருப்பவள். அவள் தாய் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. பெரும்பாலும் ஒன்றரை ஷிப்ட். பெண்ணுக்குப் பேச்சு கணீரென்று வரும். கதை சொன்னால் அப்படியே திருப்பிச் சொல்வாள். ஆனால் எழுத்து வராது. நடையிலும் தடுமாற்றம். ஆகவே கோட்டில் நடக்கவிட்டேன். மூன்று மாதத்தில் தம்ளர் என்ன, தலைமேல் புத்தகத்தையே வைத்துக்கொண்டு ஓடாத குறையாக நடந்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. "காலை நேராக்கிவிட்டோம், இனி எழுத்தும் தானே நேராகிவிடும், பாரம்மா" என்று அவள் தாயிடம் சொல்லிவைத்தேன்.

எழுத்து நேராகவில்லை. கோட்டை விட்டு இறங்கிப் புத்தகத்தைத் திறந்ததும் அதே திணறல். இதற்கிடையே அந்தத் தாய் ஒரு மாலை, வேலைக் களைப்போடு என் வீட்டு வாசலில் வந்து நின்றார். நகரில் ஒரு பயிற்சி நிலையத்தார், பலகைமேல் நிற்க வைத்தும் பந்தில் உருட்டியும் ஆறே மாதத்தில் சரளமாகப் படிக்க வைப்பதாக உறுதி கூறினராம். கட்டணம் இருபத்தைந்தாயிரம் ரூபாய். "ஏனுங்க டீச்சர், வட்டிக்கு வாங்கிக் கட்டிப்போடலாமுங்களா? நீங்க சொன்ன மாதிரியேதானுங்க அவங்களும் சொல்றாங்க."

நான் சொன்ன மாதிரியே! அச்சொல் என்னைச் சுட்டது. "நாலு நாள் பொறும்மா" என்று அனுப்பிவிட்டு, கோவையில் உளவியல் பயிலும் என் தங்கை மகளுக்குத் தொலைபேசினேன். அவள் தேடிப் படித்துச் சொன்னதன் சாரம் இது: இவ்வகை நம்பிக்கை புதிதன்று. அமெரிக்காவில் பல்லாண்டுகளாகச் சமநிலைப் பலகைகளும் அசைவுப் பயிற்சிகளும் கற்றல் குறைபாடுடைய பிள்ளைகளுக்குத் தரப்பட்டு வந்தன. காவலே, மாட்சன் என்னும் இருவர் 180 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து, படிப்பில் அவற்றால் ஏறக்குறையப் பயன் ஏதும் விளையவில்லை என்று கண்டனர். வெளியான ஆண்டு 1983. நான் ஒரு பிள்ளையை வாசலில் முழந்தாளிட வைத்த அதே ஆண்டு! உலகின் ஒரு பக்கம் அசைவே மருந்து என்று விற்றார்கள். இப்பக்கம் அசைவே குற்றம் என்று நான் தண்டித்தேன்.

தாயிடம் சென்று, "கட்டாதே அம்மா. நான் சொன்னதும் தவறுதான்" என்றேன். வயதான ஆசிரியைக்கு அது எளிய சொல் அன்று. அவர் என்னை வெகுநேரம் பார்த்தார். "அப்ப இத்தன நாளு நடந்தது தண்டமுங்களா?" என்று கேட்டார்.

தண்டம் அன்று. அந்தப் பெண்ணின் பயம் போயிருந்தது. பிறர்முன் நிற்கக் கூசியவள் மணியைக் கையில் ஏந்தி முன்னே நடந்தாள். ஐந்து முதல் பதினேழு வயது வரையுள்ளோர் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம் உடம்பை நன்றாக இயக்க வேண்டும் என்கிறது உலக நல அமைப்பு, 2020-இல் வெளியிட்ட தன் வழிகாட்டியில். லைன் வீட்டுச் சந்தில், துவைத்த துணிகளுக்கும் மோட்டார் சைக்கிள்களுக்கும் இடையே எங்கே அறுபது நிமிடம்? கைப்பேசிதான் மிச்சம். நன்றாக ஓடியாடிய பிள்ளை பிறகு அமர்ந்து கவனிக்கிறது என்பதை மாலைதோறும் காண்கிறேன். ஆனால் எழுத்தை எழுத்தாகத்தான் கற்பிக்க வேண்டும். கால் நடை பழகியதனால் கண் 'கெ' என்பதையும் 'கே' என்பதையும் பிரித்தறியாது. இதை நான் எழுபதை நெருங்கும் வயதில் கற்றேன்.

அப்படியானால் அசைவை எழுத்துக்குள்ளேயே கொண்டுபோனால் என்ன? இங்கேதான் நம் மொழி எனக்கு உதவிற்று. தமிழ் இலக்கணம் எழுத்தின் ஒலியை அளந்ததே உடம்பைக்கொண்டு. கண் இமைக்கும் நேரம், கை நொடிக்கும் நேரம் ஒரு மாத்திரை என்று தொல்காப்பியம் வகுத்திருக்கிறது. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. முப்பத்தைந்து ஆண்டுகள் இதைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு மனப்பாடம் செய்யச் சொன்னேனே தவிர, ஒரு பிள்ளையையேனும் நொடிக்கச் சொன்னேனா? இப்போது சொல்கிறோம். குறிலுக்கு ஒரு தட்டு; நெடிலுக்குத் தட்டிய கையைப் பிரியவிட்டு இரண்டு எண்ணும்வரை இழுத்தல்; மெய்க்கு விரல் நொடிப்பு. 'பல்' என்றால் ஒரு தட்டு, ஒரு நொடிப்பு. 'பால்' என்றால் கை விரிந்து நீள வேண்டும். தட்டும்போதே எழுத்தட்டையும் கண்முன் இருக்க வேண்டும். அட்டை இல்லாமல் தட்டினால் அது வெறும் விளையாட்டாகிவிடுகிறது. 'படம்', 'பாடம்' இரண்டுக்கும் வேற்றுமை அந்தப் பெண்ணுக்கு முதலில் கையில்தான் தெரிந்தது, பிறகு காதில், கண்ணுக்கு வர மேலும் இரு மாதமாயிற்று.

கொம்பு இன்னும் கடினம். 'கெ' என்று எழுதும்போது கொம்பு முன்னே நிற்கிறது. ஒலியிலோ அந்த எகரம் பின்னே வருகிறது. இடமிருந்து வலமாகப் படிக்கப் பழகும் குழந்தைக்கு இது எத்துணைக் குழப்பம்! ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் வேறுபாடு வகுத்துக் குறிலையும் நெடிலையும் எழுத்திலே தெளிவாக்கியவர் நம் வீரமாமுனிவர் என்பர். ஓலைச்சுவடிக் காலத்துப் பிள்ளைகள் இதைவிடத் திணறியிருப்பார்கள் போலும். நாங்கள் பிள்ளைகளையே எழுத்தாக்கினோம். ஒருவன் 'க' அட்டையோடு நடுவில் நிற்பான். கொம்பு அட்டைக்காரி ஓடிவந்து அவனுக்கு இடப்புறம் நின்றால் 'கெ'. கால் அட்டைக்காரனும் வந்து வலப்புறம் நின்றால் 'கொ'. கொம்பு இரட்டையானால் 'கோ'. ஓட்டத்தில் தவறாக நின்றால் மற்றவர் கூச்சலிட்டுத் திருத்துவர். ஆசிரியையின் சிவப்பு மையைவிட அக்கூச்சல் வேகமாக வேலை செய்கிறது. ஒடிசாப் பிள்ளைகளுக்கு இது மிகவும் பிடித்த ஆட்டம்.

வாய்பாட்டுக்குக் கும்மி. லைன் வீட்டுப் பாட்டி ஒருவர், அவிநாசிப் பக்கத்தவர், இளமையில் கும்மியடித்தவர், அடிவைக்கக் கற்றுத் தந்தார். கொங்கு நாட்டில் வள்ளி கும்மி இன்று மறுபடியும் தழைத்து நிற்பதை வாசகர் அறிவர். கோவை மாவட்டத்து வள்ளி ஒயில் கும்மி ஆசிரியர் பத்திரப்பன் அவர்களுக்கு 2024-இல் பத்மஸ்ரீ விருதும் அறிவிக்கப்பட்டது. ஆடவரே ஆடிய அதைப் பெண்களுக்கும் கற்பித்தவர் அவர். எங்கள் பிள்ளைகள் ஆடுவது அத்துணைச் செம்மையானதன்று. மூன்று அடி வைத்து நான்காவதில் குனிந்து தட்டி, எண்ணை உரக்கச் சொல்வார்கள்: நான்கு, எட்டு, பன்னிரண்டு. பன்னிரண்டு வந்ததும் "ஒரு டஜன்!" என்று ஒரு கூக்குரல். பனியன் கம்பெனிப் பிள்ளைகளுக்கு டஜனை யார் கற்பிக்க வேண்டும்?

பெற்றோர் வீட்டிலும் செய்யலாம். பாண்டிக் கட்டத்துக்குள் எண்ணுக்குப் பதில் எழுத்தை எழுதி நொண்டச் சொல்லுங்கள். மணலிலோ தவிட்டிலோ விரலால் எழுதச் சொல்லுங்கள்; நம் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதியதைச் சென்னையில் கண்டு வியந்த ஆந்திரு பெல் என்னும் பாதிரியார், 1797-இல் அது பற்றி நூல் எழுதி இங்கிலாந்துக்கே கொண்டுபோனார். காசு செலவில்லை. ஆனால் வலிப்பு நோயுள்ள பிள்ளையை மருத்துவரைக் கேளாமல் சுழலவோ உயரத்தில் நடக்கவோ விடாதீர்கள். இரண்டாம் வகுப்பு முடிந்தும் எழுத்துக் கூடவில்லையெனில், முதலில் கண்ணையும் காதையும் சோதியுங்கள்; பின்பு அரசு மருத்துவமனையில் காட்டுங்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் ஏற்றுக்கொண்டுள்ளது. சான்று இருந்தால் தேர்வில் கூடுதல் நேரம் முதலியன கேட்டுப் பெறலாம். 'மக்குப் பிள்ளை' என்ற சொல்லை மட்டும் வீட்டில் வழங்காதீர்கள்.

அந்தப் பெண்ணையும் அவ்வாறே அழைத்துச் சென்றோம். கற்றல் குறைபாடு என்றே சொன்னார்கள். இன்று அவள், தன் வகுப்புக்கு மூன்று வகுப்புக் கீழே உள்ள பாடநூலை, வரியின் அடியில் விரல் வைத்து, மெல்ல மெல்லப் படிக்கிறாள். நீண்ட சொல் வந்தால் மேசைக்குக் கீழே கால் தட்டுகிறது. நான் நிறுத்தச் சொல்வதில்லை.

தரையில் கிடக்கும் கோட்டைப் பற்றி ஒன்று சொல்ல மறந்தேன். சுண்ணாம்புக் கோடு நாள்தோறும் அழிந்துபோயிற்று. யாரோ சொல்ல, சிறு ஜாப் ஒர்க் கம்பெனி நடத்தும் ஒருவர் ஒரு மூட்டை வெட்டுத் துணி கொண்டுவந்து இறக்கினார். நரைத்த மீசை, ஐம்பது வயது இருக்கும். என்னைக் கண்டதும் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். நான் அடையாளம் கண்டுகொள்ளவில்லை, அவர்தாம் சொன்னார். பிறகு சிரித்துக்கொண்டே, "நீங்க முட்டி போட வெச்ச வாசப்படியில நாலு கல்லு இருக்குமுங்க டீச்சர். ரெண்டாவது கல்லுல ஒரு ஓட்டை. இன்னும் எனக்கு ஞாபகம் இருக்குதுங்க" என்றார். நான் மன்னிப்புக் கேட்டேன். "அட, அது கெடக்குதுங்க" என்று சொல்லிவிட்டு, தரையில் குனிந்து தாமே நாடாவைப் பின்னி ஒட்டலானார். கைகள் அன்று போலவே ஆடின.

பெற்றுக்கொண்டதற்குச் சீட்டு எழுதி நீட்டியபோது அவர் அதைப் படிக்காமலே மடித்துப் பையில் வைத்தார். கணக்கெல்லாம் மனைவி பார்ப்பதாகச் சொன்னார். வாசல்வரை போனவர் திரும்பி வந்து, பிள்ளைகள் காதில் விழாதபடி, "பெரியவங்களும் வரலாமுங்களா டீச்சர்?" என்று கேட்டார்.

சனிக்கிழமை மாலை வரச் சொன்னேன். அன்று மன்றத்தில் வேறு எவரும் இருக்கமாட்டார்கள். இரண்டு சனிக்கிழமை வந்தார். 'பல்', 'பால்' வரை தட்டினோம். மூன்றாம் சனிக்கிழமை வரவில்லை. சரக்கு அனுப்பும் அவசரம் என்று ஆள்விட்டுச் சொல்லியனுப்பினார். வரும் சனிக்கிழமைக்கு எழுத்தட்டைகளைப் பெரியதாக எழுதி வைத்திருக்கிறேன்.